பலகைக்காரர்கள்

வேதியியல் கூடத்துக் கடைசி பெஞ்சிலிருந்து
முப்பத்து நான்கில் பெயர்த்தெடுத்த தேக்குத் துண்டு.
நாலடி நீளம். ஒரு முனையில் அமிலம் தின்ற பள்ளம்.
பொற்றாமரைக் குளத்தில் மிதந்து
தகுதியுள்ளவர்க்கு மட்டும் இடம் விட்ட பலகையின்
பேரன் இது என்று
முதல் ஏழு பேர் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்:
ஒரு ஜமீன் பிள்ளை, வக்கீல் வீட்டுப் பையன்கள் இருவர்,
விளக்குத்தூண் பட்டுக்கடை வாரிசு ஒருவன்;
மிச்ச மூவரின் பெயரைக் கரையான் படித்துவிட்டது.

வைகைக்கு வடகரையில் அந்தக் கல்லூரியில்
பலகை என்று ஒன்று உண்டென
எல்லோருக்கும் தெரியும். ஆள் யாரென்றுதான் தெரியாது.
விடுதி கூட்டும் மாரிக்கண்ணுவுக்கு அதுவும் தெரியும்.
ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை
எந்தெந்த அறை வாசலில்
தெப்பக்குளத்து வண்டல் உதிர்ந்து கிடக்கிறதென்று
பார்ப்பவர் அவர்தானே.

அப்போதெல்லாம் தெப்பக்குளத்தில் தண்ணீர் இருக்காது.
பகலில் கிரிக்கெட். ராத்திரியில் நாங்கள்.
விளக்கில்லாத ஏழு சைக்கிள்
காமராசர் சாலை வழியே போகும்.
காய்ந்த தரையில் பலகையை வைத்து
கண்ணைக் கட்டி உட்காரச் சொல்வார்கள்.
தகுதியில்லாதவனைத் தள்ளிவிடுமாம்.
தரையில் கிடக்கிற பலகை யாரைத் தள்ளும்?
இருந்தும் நான்
விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

ஆள் எடுப்பது புளியங்கொட்டையால்.
தேய்த்தது வெள்ளை, தேய்க்காதது கறுப்பு.
கலயத்தில் ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வேண்டாம்.
எண்பத்தாறில் வந்தது என் அறைத்தோழன் பெயர்:
மொக்கச்சாமி, கருமாத்தூர்.
"நல்லாப் படிக்கிறான், ஆனா" என்றான் நாலாம் எண்.
ஆனாவுக்கு அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் மரபுகளில் மிகப் பழையது
அந்த ஆனாதான்.

நோட்டில் என் அப்பாவுக்கு
மேலூர் தாலுகா ஆபீஸ் என்று எழுதியிருந்தேன்.
டவாலி என்று எழுதவில்லை.
மொக்கச்சாமி அவரைப் பார்த்திருக்கிறான்,
அவர் கொண்டுவந்த அதிரசத்தைத் தின்றிருக்கிறான்.

கலயத்தைக் கவிழ்த்தார்கள்.
இரண்டு கறுப்பு.

ஒன்று என்னுடையது.
இன்னொன்று யாருடையதென்று கேட்பது விதிப்படி குற்றம்.
ஆக, நான் போடாவிட்டாலும்
அவன் வந்திருக்க முடியாது.
இந்தக் கணக்கை
முப்பத்தெட்டு வருடமாகப் போட்டுப் பார்க்கிறேன்,
ஒவ்வொரு தடவையும் விடை சரியாகவே வருகிறது.

அறைக்குத் திரும்பியபோது மணி ரெண்டு.
வாழையிலையில் பரோட்டா கட்டி வைத்திருந்தான்.
"எங்கிட்டுப் போய்ட்டு வர்ற?"
"செகண்ட் ஷோ" என்று ஒரு படத்தின் பேரைச் சொன்னேன்.
"அத போன வாரமே தூக்கிட்டாய்ங்களே" என்றான்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.
சால்னாவில் ஆடை கட்டியிருந்தது.

போன வருடம் மறுபடி கூடினோம்.
இப்போது குளம் நிறையத் தண்ணீர்.
ஓய்வுபெற்ற நீதிபதி, எலும்பு டாக்டர், நான்,
மூட்டுவலியோடு இன்னும் நாலு பேர்.
யாரோ ஆசைப்பட்டு, பலகையை
முதல்முறையாகத் தண்ணீரில் விட்டோம்.

மிதந்தது.
மிதந்தபடி மைய மண்டபத்தை நோக்கிப்
போக ஆரம்பித்துவிட்டது.
எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

கீழ்ப்படியில் ஒரு பையன்
டவுசரோடு குதித்தான்.
எட்டிப் பிடித்து, மேலே ஏறி,
இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு
கையால் துழாவிக்கொண்டு வந்தான்.
அது அவனைத் தள்ளவில்லை.

அம்பது ரூபாய் கேட்டான். கொடுத்தோம்.
"என்னாது சார் இது?"
நீதிபதி என்னைப் பார்த்தார்.
நான் டாக்டரைப் பார்த்தேன்.

"பலகை" என்றோம்.